ஒரு காலரில் ஆறு வீடு

மால் வந்ததால் எங்கள் தெருவில் பிழைத்துக்கொண்டவர் யார் என்று கேட்டால், எல்லோரும் ஒரே ஆளைத்தான் கை காட்டுவார்கள். மடிப்பு அக்கா. கடைவரிசையின் மாடிப் படிக்கட்டுக்கு அடியில் இஸ்திரிக் கடை வைத்திருப்பவள். மால்காரர்களும் அவளைத்தான் காட்டினார்கள். மால் வாசலில் ஆளுயரப் படம் ஒன்று தொங்கியது. அதில் அக்கா கையில் இஸ்திரிப் பெட்டியோடு பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பாள். பெட்டியின் வயர் எதிலும் செருகாமல் அந்தரத்தில் ஆடும். கீழே கொட்டை எழுத்தில் ‘எங்கள் வளர்ச்சியில் உங்கள் பங்கு’. மின்சாரமே இல்லாமல் துணி தேய்ப்பது எப்படி என்று அக்காவிடம் கேட்டேன். படம் எடுத்தவனைத்தான் கேட்க வேண்டும் என்றாள். அவள் சிரித்து நான் பார்த்ததே அந்தப் படத்தில்தான்.

அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. நல்ல உயரம். இடது கையைவிட வலது கை ஒரு சுற்றுப் பெருத்திருக்கும். கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர், வருஷத்தில் ஒன்பது மாதம் கடலில் இருப்பார், மீதி மூன்று மாதம் தூங்குவார். பிள்ளை இல்லை. கடை எட்டடிக்கு ஆறடி. மேலே படிக்கட்டு போவதால் கூரை சாய்வாக இறங்கும். வாசல் பக்கம் நிமிர்ந்து நிற்கலாம், பின்பக்கம் போனால் குனிய வேண்டும், இன்னும் போனால் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். பதினோரு வருஷமாக அதே கூரையில் மாதம் ஒரு தடவையாவது தலையை இடித்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் யாரோ புதிதாகக் கட்டி வைத்துவிட்ட மாதிரி அதை முறைப்பாள். ஆனாலும் அந்த இடத்தின் மேல் அவளுக்கு உயிர். வாழ்க்கையில் அவள் பெயரில் இருந்த ஒரே கதவு அதுதான்.

அதற்கு முன் பதினான்கு வருஷம் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. அந்த வேலை போன கதையை என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னாள். விருந்தாளி ஒருவரின் கோட்டுப் பையில் இரண்டு சினிமா டிக்கெட் இருந்தது. அவர் மனைவி வந்து பையில் ஏதாவது இருந்ததா என்று கேட்க, இவள் வெள்ளந்தியாக எடுத்து நீட்டியிருக்கிறாள். அந்த அம்மாள் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லையாம். அப்புறம் மாடியில் நடந்தது இரண்டு தளத்துக்குக் கேட்டதாம். மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு, உன்னைத் துணியைத் தேய்க்கச் சொன்னேனா குடும்பத்தைத் தேய்க்கச் சொன்னேனா என்று கேட்டு அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரு வைராக்கியம். துணியில் பார்த்தது வாய்க்கு வராது. தெருவில் யார் சட்டையில் யாருடைய உதட்டுச்சாயம், யார் வீட்டுத் தலையணை உறையில் தினமும் ஈரம், எல்லாம் அவளுக்குத் தெரியும். தெருவே அவளிடம் துணியைக் கொடுத்ததற்குக் காரணம் அவள் மடிப்பு மட்டும் இல்லை, அந்த வாயும்தான்.

துணி மாறிப் போகாமல் இருக்க அவளுக்கு ஒரு முறை உண்டு. காலருக்கு உள்பக்கம், அழியாத மையில், வீட்டு எண்ணும் ஒரு எழுத்தும். பன்னிரண்டாம் எண்ணில் மாடிக்குடியிருப்பு என்றால் ‘12 மா’. எட்டாம் எண்ணில் பின்வீடு என்றால் ‘8 பி’. சட்டை கை மாறினால், அண்ணன் சட்டை தம்பி வீட்டுக்குப் போனால், பழைய எழுத்தைக் குறுக்கே ஒரு கோடு அடித்துவிட்டு அதன் கீழே புதிதாக எழுதுவாள். அவ்வளவுதான் அவளுடைய கணினி.

மால் வந்தபோது எங்களுக்குச் சொல்லப்பட்டது என்னவென்றால், இனிமேல் எங்கள் பகுதிக்கு விடிவுகாலம். உள்ளூர்க்காரர்களுக்கு வேலையில் முன்னுரிமை. சுற்றியுள்ள கடைகளுக்குக் கூட்டம் பிய்த்துக்கொண்டு வரும். என்னிடம் ஒரு நகலகம் இருந்தது. இரண்டு இயந்திரம், ஒன்று நன்றாக ஓடும், மற்றொன்று நன்றாகச் சத்தம் போடும். கூட்டம் வரும் என்று நம்பி மூன்றாவதாக ஒன்று வாங்கலாமா என்றுகூட யோசித்தேன். கூட்டம் வந்தது, சாலைக்கு அந்தப் பக்கம். கார்கள் வேகமாக மாலுக்குள் திரும்ப வேண்டும் என்று சாலைக்கு நடுவில் இடுப்புயரக் கம்பிவேலி போட்டார்கள். என் கடைக்கு எதிரில் நிற்பவர், என் கடைக்கு வர வேண்டுமானால் சாலையின் கோடிவரை நடந்து சுற்றி வர வேண்டும். ஒரு பக்கம் நகல் எடுக்க அரைக் கிலோமீட்டர் நடக்க உத்தமர்கள் தேவை, அந்த அளவுக்கு எங்கள் பகுதியில் உத்தமர்கள் இல்லை. ஒரு வருஷம் தாக்குப்பிடித்துவிட்டு இயந்திரங்களை விற்றேன்.

பிறகு, முன்னுரிமை இருக்கிறதே என்று, மாலிலேயே காவலாளியாகச் சேர்ந்தேன். கார் நிறுத்துமிடம், இரண்டாம் கீழ்த்தளம். காலை ஏழு மணி ஷிப்ட். இரண்டு நீலச் சட்டை கொடுத்தார்கள். என் மனைவி ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். சீருடை போட்டு முதல் நாள் நின்றபோது அவள் என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, கடைசியில் நீங்களும் ஒரு இடத்துக்கு நேரத்தில் போகப் போகிறீர்கள் என்றாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மூன்று மாதம் சோதனைக் காலம், அப்புறம் நிரந்தரம். எண்பத்தைந்தாம் நாள் ஒரு கடிதம் கொடுத்தார்கள். ‘எதிர்பார்த்த அளவுக்குத் தங்கள் செயல்பாடு அமையவில்லை.’ கீழ்த்தளத்தில் நின்று கைகாட்டுவதில் நான் எப்படிச் சோடை போனேன் என்று எவ்வளவோ யோசித்தேன். சட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டில் சொல்லவில்லை. கடையை மூடியவன், கைகாட்டுகிற வேலையிலும் தேறவில்லை என்று எந்த வாயால் சொல்வது? சீருடையை மாலிலேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வர வேண்டும் என்று புது விதி வந்ததாக ஒரு பொய் சொன்னேன். வழக்கம்போல ஆறேகாலுக்குக் கிளம்பி, பூங்கா பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். நான்காம் நாள் அக்கா கடை திறக்கப் போகும் வழியில் என்னைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. என் சட்டை அதற்குள் வேறு வீட்டிலிருந்து அவளிடம் தேய்க்க வந்துவிட்டதாம்.

“சும்மா உக்காந்திருக்கிறதுக்கு உள்ள வந்து மடிங்க தம்பி,” என்றாள். “பின்பக்கம் திரை இருக்கு. யாருக்கும் தெரியாது.”

அப்படித்தான் மூன்று மாதம் அந்தச் சாய்வுக் கூரைக்கு அடியில், திரைக்குப் பின்னால், நாற்பத்தைந்து வயதில் நான் சட்டை மடிக்கக் கற்றுக்கொண்டேன். வீட்டுத் துணியை இஸ்திரிக்குக் கொண்டுபோவது எப்போதும் என் வேலை என்பதால் மனைவி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

மடிக்கிறவன் காலரைப் பார்க்காமல் இருக்க முடியாது. வந்த வேலையில் பாதிக்கு மேல் மால் சீருடை, மொத்தம் எழுபது ஜோடி. அதனால்தான் அக்காவுக்கு வியாபாரம் மூன்று மடங்கு ஆனது. மாலால் பிழைத்தாள் என்று நாங்கள் வயிறெரிந்தது அதைப் பார்த்துத்தான். நீலக் காலர்களைத் திருப்பிப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஐந்து, ஆறு எழுத்து, கடைசியைத் தவிர எல்லாவற்றுக்கும் குறுக்கே கோடு. முதலில் எனக்கு உறைக்கவில்லை. அப்புறம் ஒரு சட்டையில் ஐந்தாவதாக ‘31 கீ’ என்று இருந்தது. முப்பத்தொன்று கீழ்வீடு, என் வீடு. எனக்கு மேலே நான்கு வீடு. எனக்கு அடுத்ததாக ஆறாவது ஒரு வீடு. மால் திறந்து ஒன்றரை வருஷம். மூன்று மாதத்துக்கு ஒரு வீடு.

நான் மட்டும் சோடை போகவில்லை. எண்பத்தைந்தாம் நாள் எல்லோருமே சோடை போயிருக்கிறார்கள். நிரந்தரமாக்க வேண்டிய வாரத்தில் அனுப்பிவிட்டு அடுத்த ஆளைச் சேர்ப்பது, அவனையும் உள்ளூர் வேலைவாய்ப்புக் கணக்கில் எழுதிக்கொள்வது. ‘நானூற்றுப் பதினெட்டு உள்ளூர்க் குடும்பங்களுக்கு வேலை’ என்று தட்டி வைத்திருந்தார்களே, அது இந்த எழுபது ஜோடிச் சட்டைதான். ஒவ்வொருவனும் தன்னுடைய தகுதிக்குறைவு என்று நினைத்து வெளியில் மூச்சு விடவில்லை. பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டே ஒருத்தனுக்கு ஒருத்தன் தெரியாமல் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தோம். தெருவில் இது முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் அக்கா, அவள் வாயையோ தைத்து வைத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் இரண்டாம் கட்டம் வந்தது. மால் இன்னும் பெரிதாகிறது. கார்கள் வெளியே போக இன்னொரு வழி வேண்டும். அது எங்கள் வரிசையில் பதினோரு கடைகளின் வழியாகப் போகிறது, படிக்கட்டு உட்பட. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் சனிக்கிழமை காலை, நகராட்சி அரங்கில். மாலின் மக்கள் தொடர்பு அதிகாரி அக்காவைத் தேடி வந்தார். எந்நேரமும் சிரிப்பதால் நாங்கள் அவரைப் பல்வரிசை என்போம். மால் வந்ததால் என் வாழ்க்கை உயர்ந்தது என்று அக்கா மேடையில் மூன்று நிமிஷம் பேச வேண்டும். கடை போகிறதே என்றால், மூன்றாம் கீழ்த்தளத்தில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு பெட்டிக்கடை தருவார்கள். அங்கே ஜன்னல் கிடையாது, ஆனால் கூரை நேராக இருக்கும் என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா ஒரு நீலச் சட்டையை மடிக்காமல் தனியே எடுத்து வைத்தாள். என் எழுத்து ஐந்தாவதாக இருக்கும் அதே சட்டை. ஆறாவது வீட்டுக்காரர், இருபத்து மூன்றாம் எண் பெருத்த மனிதர், அந்த வாரம்தான் கடிதம் வாங்கியிருந்தார். சட்டையைத் திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். தேய்க்கக் கொடுத்தபோது அக்கா அவரிடம் ஒரு நாள் இரவல் கேட்டிருக்கிறாள், அவரும் எனக்கென்ன போச்சு என்றிருக்கிறார். என் மனைவிக்குச் சனிக்கிழமை விடுமுறை, கூட்டத்துக்கு வருவதாக வேறு சொல்லியிருந்தாள்.

“அக்கா, வீட்டுல இன்னும் சொல்லல,” என்றேன்.

“எண்ணிக்கை மட்டும்தான் தம்பி சொல்லுவேன். வீட்டச் சொல்ல மாட்டேன்.”

“கேட்டா?”

“கேட்டாலும்தான்.”

அரங்கில் விசாரணை அதிகாரி ஒரு வயதான அம்மாள். பெரிய பிளாஸ்க்கும் சின்ன மூக்குக்கண்ணாடியும் வைத்திருந்தார். முதலில் ஒரு மணி நேரம் திரையில் படம் காட்டினார்கள். படத்தில் எங்கள் தெரு இருந்தது, நாங்கள் இல்லை. எங்களுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் மரங்களும், பலூன் பிடித்த ஒரு குழந்தையும். என் மனைவி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் சுவரோரம் நின்றேன். வேலை நேரத்தில் எப்படி வந்தீர்கள் என்று கண்ணால் கேட்டாள், விடுப்பு என்று கையால் சொன்னேன். மூன்று மாதப் பொய்யில் அதுதான் கடைசி.

பல்வரிசை அக்காவை அறிமுகப்படுத்தினார். அக்கா மேடை ஏறினாள், மைக்கைப் பார்க்கவில்லை, நீலச் சட்டையை விரித்துக் காலரைத் திருப்பிப் பிடித்தாள்.

“எனக்கு வியாபாரம் கூடுச்சு. அது உண்மை, மறைக்கல,” என்றாள். “இந்தச் சட்டையில ஆறு வீட்டு எழுத்து இருக்கு. ஆறு பேரு போட்டாங்க, ஆறு பேரும் இப்ப வேலையில இல்ல. இந்த மாதிரி எழுபது ஜோடி என் கைக்கு வருது. எழுபது ஆறு நானூத்து இருபது. நீங்க நானூத்துப் பதினெட்டுன்னு போட்டிருக்கீங்க. ரெண்டு நான்தான் தப்பா எண்ணியிருப்பேன். ஆனா ஒரு நேரத்துல எழுபது பேருக்குத்தான் சட்டை.”

பல்வரிசையின் பல் கொஞ்சம் உள்ளே போனது. ஆனால் ஆள் கெட்டிக்காரர். சட்டையை மரியாதையாக வாங்கிப் பார்த்து, இது ஏதோ சலவைக்கடைக் கிறுக்கல், யார் வேண்டுமானாலும் எழுதலாம், அம்மா குறிப்பிடும் ஆறு பேரின் முகவரியைச் சொன்னால் எங்கள் பதிவேட்டில் சரிபார்க்கிறோம் என்றார். அதிகாரி அம்மாளும் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, எந்தெந்த வீடு, சொல்லுங்கள் என்றார்.

அக்கா சட்டையைத் திருப்பி வாங்கி மடிக்கத் தொடங்கினாள்.

“சொன்னாத்தானேம்மா நான் குறிப்புல ஏத்த முடியும்?”

“வீடு சொல்ற வழக்கம் எனக்கு இல்லைங்க.”

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். பல்வரிசையும் பெருந்தன்மையாகச் சேர்ந்து சிரித்தார். மூன்று நிமிஷம் முடிய மணி அடித்தார்கள். பதினோரு வருஷம் தலையை இடித்துக்கொண்ட இடம் கண்ணெதிரே போகிறது, ஒரு வீட்டு எண்ணைச் சொன்னால் நிற்கும், அவள் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பினால் எனக்குச் சங்கடம் என்று நினைத்திருப்பாள். எனக்கு அவள் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இவ்வளவு யோக்கியமாக ஒருத்தி நின்றால் மற்றவன் எப்படிச் சுவரில் சாய்ந்திருப்பது?

“அஞ்சாவது நான்,” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை, திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. “முப்பத்தொண்ணு கீழ்வீடு. எண்பத்தஞ்சாம் நாள் அனுப்பினாங்க. கடிதம் இருக்கு.”

அதிகாரி அம்மாள் எழுதிக்கொண்டார். ஆறு பேரில் நான்கு பேர் அந்த அரங்கில் இருந்தோம். இருபத்து மூன்றாம் எண் பெருத்த மனிதர் நாற்காலியோடு சேர்ந்து எழுந்து, ஆறாவது நான் என்றார். மற்ற இரண்டு பேரும் தரையில் ஏதோ தொலைத்துவிட்ட மாதிரி குனிந்து தேடினார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மூன்றாவது வரிசைப் பக்கம் நான் பார்க்கவே இல்லை.

சேர்த்தவர்கள் பட்டியல் வேண்டாம், இன்றைய தேதியில் வேலையில் இருப்பவர்கள் பட்டியலைக் கொண்டுவாருங்கள் என்று அதிகாரி அம்மாள் சொன்னார். பட்டியல் வரும்வரை கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. பட்டியல் இன்னும் வரவில்லை. படிக்கட்டு நிற்கிறது, அக்கா தலையை இடித்துக்கொண்டுதான் இருக்கிறாள். கூட்டக் குறிப்பின் நகலை வாங்கிப் படித்தேன். ‘பொதுமக்களில் ஒருவர் சீருடைச் சட்டையின் காலர் குறித்துக் கருத்துத் தெரிவித்தார்’ என்று இருந்தது.

மறு வாரமே சீருடைகளை மாலிலேயே சலவை செய்வதாக அறிவித்து, எழுபது ஜோடியையும் நிறுத்திவிட்டார்கள். வாசலில் தொங்கிய படத்தையும் கழற்றினார்கள். அதே இடத்தில் இப்போது ஒரு பூக்கடைக்காரர் சிரிக்கிறார். அக்காவின் வேலை மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. மால் வராமலே இருந்திருந்தால் எவ்வளவு இருந்திருக்குமோ ஏறக்குறைய அவ்வளவு. மால் வந்ததில் லாபமா நஷ்டமா என்று கேட்டேன். யாருக்கு என்று கேட்டாள்.

வீட்டில் ஒன்பது நாள் பேச்சே இல்லை. சாப்பாடு தட்டில் வரும், தட்டு மேஜைமேல் கொஞ்சம் சத்தமாக வரும். நான் ஒளிய வேண்டிய அவசியம் இல்லாததால் திரையை எடுத்துவிட்டு வெளிப்படையாகவே மடித்துக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் காலை, பல் மருத்துவமனைக்குப் போகிற வழியை விட்டு, என் மனைவி கையில் ஒரு மூட்டையோடு கடைக்கு வந்தாள். மூட்டையை அக்கா முன்னால் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

“நீங்களாவது சொல்லியிருக்கலாம்லக்கா?”

“துணியில பாத்ததச் சொல்றதில்லம்மா.”

என் மனைவி கடையை ஒரு சுற்றுப் பார்த்தாள். சாய்ந்த கூரை, நான் உட்கார்ந்திருந்த பலகை, மடித்த அடுக்கு.

“கடை எத்தன மணிக்குத் தொறப்பீங்க?”

“ஒம்பது மணிக்கு.”

அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.

“ஒம்பது மணிக்குத் தொறக்கிற கடைக்கு, மூணு மாசமா அஞ்சரைக்கு எந்திரிச்சு உங்களுக்குச் சோறு கட்டினேன். ஏன் சொல்லல?”

மாலைத் திட்டுவதற்கு என்னிடம் ஆயிரம் வார்த்தை இருந்தது. பல்வரிசையை, கம்பிவேலியை, எண்பத்தைந்தாம் நாளை, எல்லாவற்றையும் திட்டலாம். இதற்கு அதில் ஒன்றுகூட உதவவில்லை. அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி எதையோ தேடுகிற மாதிரி நின்றாள்.

“வெக்கமா இருந்துச்சு,” என்றேன்.

“எனக்குத் தூக்கமா இருந்துச்சு,” என்றாள் என் மனைவி.